சதையும் சாக்கெட்டும்

செயற்கைக் கால் என்றாலே பேச்சு பாதத்துக்கும் முழங்காலுக்கும்தான் போகிறது. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம் உலகப் புகழ் பெற்றது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 2022இல் சென்னை ஐஐடி ‘கதம்’ என்ற முழங்கால் இணைப்பை வெளியிட்டபோதும் செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. இரண்டும் மகிழ வேண்டிய சாதனைகளே. ஆனால் முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்ட ஒருவர் அந்தச் செயற்கைக் காலை நாள் முழுக்க அணிவாரா, ஒரு மாதம் கழித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்புவாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வேறொரு பாகம். எஞ்சிய தொடை நுழையும் கூடு அது. சாக்கெட் என்கிறோம். தொடை தளர்ந்து, சதை மிகுந்து, பிடித்தால் கைக்குள் குழைகிற வகையாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாக்கெட்டின் பொருத்தம் ஒரு வேலை, கால் கழன்று விழாமல் தொங்கவைக்கும் பிடிப்பு இன்னொரு வேலை என்று பிரித்துச் செய்வதுதான் வழக்கம். சதை மிகுந்த தொடையில் அவை இரண்டும் ஒரே வேலை, அந்த வேலை நடக்கும் இடம் தோலின் மேற்பரப்பைவிட ஆழத்தில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கணக்கு. உடம்பின் எடையைச் சுமப்பதும் நடையை இயக்குவதும் எலும்பு. சாக்கெட் தொடுவதோ தோலை. நடுவில் கொழுப்பும் தசையும் பல சென்டிமீட்டர் கனத்துக்கு இருக்கின்றன. தொடையெலும்பு 25 செ.மீ. மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனி சதைக்குள் 2 செ.மீ. நகர்ந்த பிறகுதான் சாக்கெட்டின் சுவரை உண்மையாக உந்தத் தொடங்குகிறது என்றால், இடுப்பு மூட்டு ஏறக்குறைய நாலரை டிகிரி திரும்பும்வரை செயற்கைக் கால் பதில் சொல்லாது. நாலரை டிகிரி கேட்பதற்குச் சிறிது. ஆனால் குதிகால் தரையைத் தொடும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது பிட்டத் தசைகள் தொடையைப் பின்னுக்கு இழுத்துச் செயற்கை முழங்கால் மடங்காமல் காக்க வேண்டும். இழுத்தும் அந்த இழுப்பு போய்ச் சேரத் தாமதமானால் முழங்கால் மடங்கிவிடும், ஆள் விழுவார். காலை முன்னே வீசும்போது எலும்பு எதிர்ப்பக்கம் போகிறது, மீண்டும் அதே வெற்று இடைவெளியைக் கடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு முறை. மேலும் கீழுமான தளர்ச்சிக்கும் இதே கதி. இயல்பான நடையில் வீசும் காலின் விரல்நுனி தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. காலை உயர்த்தியதும் சாக்கெட் 2 செ.மீ. கீழே சரிந்தால் அந்த இடைவெளி முழுதும் காணாமல் போகும். விரல்நுனி தட்டும் என்ற பயத்தில் அவர் இடுப்பைத் தூக்கி நடப்பார், அல்லது நல்ல காலின் விரல்களில் எம்பி நடப்பார். பார்ப்பவர்கள் அதைப் பழக்கக் கோளாறு என்று நினைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர் உடம்பு சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறது, சாக்கெட் எடுக்கவில்லை.

சதை இருப்பது நல்லதுதானே, மெத்தைபோல் தாங்குமே என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மை. எலும்பு முனைக்கு அடியில் நல்ல தசை மூடியிருப்பவருக்கும், எலும்பு தோலை ஒட்டி நீட்டிக்கொண்டிருப்பவருக்கும் வலியில் பெரிய வேறுபாடு உண்டு. எலும்பு துருத்தும் ஒல்லியான தொடைக்கு சாக்கெட் செய்வதும் எளிதன்று. ஆனால் அழுத்தத்தைப் பரப்புவது ஒன்று, திசையைக் கட்டுப்படுத்துவது வேறொன்று. முதலாவதற்கு உதவும் மென்மை இரண்டாவதைக் கெடுக்கிறது. அதனால்தான் வலிக்கிறது என்று சொன்னதும் இன்னும் கனமான, இன்னும் மெத்தென்ற லைனரை, அதாவது தொடைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அணியும் உறையை, மாட்டிவிடுவது தளர்ந்த தொடைக்குப் பெரும்பாலும் தவறான மருந்து. ஏற்கெனவே மிகுந்திருக்கும் மென்மையின்மேல் இன்னொரு அடுக்கு மென்மை சேர்கிறது. கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது சுகமாகத் தெரியும். மாலைக்குள் அதே சாக்கெட் உள்ளே சுழன்று, விளிம்பு இடுப்பில் இடித்து, முன்பைவிட அதிகம் புண்ணாக்கும்.

அப்படியானால் இறுக்கிவிடலாமா? இறுக்கத்தான் வேண்டும், ஆனால் எங்கே, எந்தத் திசையில் என்பதில் எல்லாம் இருக்கிறது. சதை எளிதில் உருமாறும், ஆனால் அதன் கொள்ளளவு எளிதில் குறையாது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் போகும். சப்பாத்தி மாவு உருண்டையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் மெலிந்து நீள்கிறதல்லவா, அதே இயல்பு. உள்ளே காற்று புகாததால் தொடையில் ஒட்டி நிற்கும் உறிஞ்சு பிடிப்புள்ள சாக்கெட்டைத் தொடையின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்வது வழக்கம். தளர்ந்த தொடைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைப்பார்கள். சுற்றளவு 60 செ.மீ. என்றால் 5 சதவீதம் குறைத்து 57 ஆக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர்கூட உள்ளே போகவில்லை. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைந்துவிட்டது. அந்தச் சதை எங்கே போகும்? நீளவாக்கில். 25 செ.மீ. நீளத் தொடை முழுதும் இப்படி இறுக்கப்பட்டால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டாக வேண்டும். நடைமுறையில் இறுக்கம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கும், கொஞ்சம் நீரும் வெளியேறும், ஆகவே நீட்சி இதைவிடக் குறையும். இருந்தாலும் திசை இதுதான். சாக்கெட்டைச் சுற்றளவில் குறைத்துவிட்டு நீளத்தில் கூட்டாமல் விட்டால் தொடையின் நுனி அடித்தளத்தில் இடிக்கும், அல்லது தொடை முழுவதுமாக உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மேலே நின்ற சதை விளிம்புக்கு வெளியே, பெரும்பாலும் தொடையின் உட்பக்கம், கவட்டுக்கு அருகே சுருளாகத் திரண்டு வழிகிறது. அந்தச் சுருள் சாக்கெட் விளிம்புக்கும் கவட்டெலும்புக்கும் நடுவே ஒவ்வொரு அடியிலும் நசுங்கும். வியர்வையும் சேர்ந்து தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாகும். விளிம்பு உயரமாக இருப்பதால் குத்துகிறது என்று நினைத்து அதை அறுத்துத் தாழ்த்துவார்கள். தாழ்த்திய விளிம்புக்கு மேல் இன்னும் அதிகச் சதை வழியும். மீண்டும் அறுப்பார்கள்.

சுருளுக்கு மருந்து விளிம்பில் இல்லை, சதை முழுவதையும் உள்ளே கொண்டுபோவதில் இருக்கிறது. உறிஞ்சு சாக்கெட் அணியும் பழைய முறையை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். அணிபவர் தொடையின் கவடு வரை வழுவழுப்பான துணிக்குழாய் ஒன்றை ஏற்றி, அதன் கீழ்முனையைச் சாக்கெட்டின் அடியிலுள்ள வால்வு துளை வழியாக வெளியே எடுக்கிறார். நின்றபடியே சாக்கெட்டுக்குள் எடையைச் சற்று இறக்கி ஏற்றி, துணியைத் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார். துணி வெளியே வர வர, அதனோடு தோலும் சதையும் உள்ளே இறங்குகின்றன. முக்கியமாக உட்பக்கச் சதையை விரலால் விளிம்புக்குள் தள்ளித் தள்ளி இழுக்க வேண்டும். கடைசியாகத் துணி முழுதும் வெளியே வந்ததும் வால்வை மூடுகிறார். இது சில நிமிட வேலை, மூச்சு வாங்கும் வேலை, ஒற்றைக் காலில் சமநிலை கேட்கும் வேலை. ஆனால் இந்தச் சில நிமிடத்தில்தான் சதையின் தளர்ச்சி முன்கூட்டியே இழுத்து எடுக்கப்படுகிறது. அவசரத்தில் அரைகுறையாக இழுத்தவர் அன்றைக்கு வேறொரு கால் அணிந்தவர்போல நடப்பார். சாக்கெட் அதேதான்.

அச்சு எடுப்பதிலும் இதே விதி. உட்கார்ந்திருப்பவரின் தளர்ந்த தொடையில் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றினால், ஈர மாவின் எடையும் புவியீர்ப்பும் சதையைக் கீழ்ப்பக்கம் தொங்கவிட்டு உருவாக்கிய வடிவமே அச்சில் பதியும். நடக்கும்போது அந்த வடிவம் எங்கும் இருக்கப்போவதில்லை. தேர்ந்த கைகள் முதலில் இறுக்கமான உறையாலோ லைனராலோ சதையைத் திரட்டி, கீழ்நோக்கி இழுத்து, நிற்கவைத்து, மாவு இறுகும்வரை எலும்பின் போக்கைத் தேடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கும். முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்டதே, இனி கை எதற்கு என்பார்கள். ஸ்கேனர் தோலின் வடிவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் காட்டும். எடை ஏறாத, யாரும் தொடாத தோலின் வடிவத்தை. எந்த இடத்தில் அழுத்தினால் எவ்வளவு அமுங்கும், அதற்கடியில் எலும்பு எங்கே என்பதை அது சொல்லாது. இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்த ஹியூ ஹெர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடத்தும் ஆய்வுக்குழு தோலின் பல இடங்களில் விசைகொடுத்து அமுக்கிப் பார்த்தும், எம்.ஆர்.ஐ. படங்களைச் சேர்த்தும் சாக்கெட் வடிவமைக்க முயன்றது இந்தக் குறை தெரிந்துதான். கணினி முறையை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அச்சைச் சேமிக்கலாம், திருத்திய இடத்தைத் துல்லியமாகத் திருப்பிச் செய்யலாம், தொலைவூருக்கு அனுப்பலாம். ஆனால் வடிவத்தை அளப்பதும் பொருத்தத்தை அளப்பதும் ஒன்றாகிவிடாது.

எலும்பைப் பிடிக்கும் முயற்சியின் வரலாறு இந்த வாதத்துக்கு முதலில் எதிராகவே தோன்றும். 1950களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செம்மைப்படுத்தப்பட்ட நாற்கோணச் சாக்கெட், தொடையை முன்பின்னாகக் குறுக்கி, உட்காரும் எலும்பை ஒரு திண்ணைமேல் ஏற்றிவைத்தது. எடை தாங்கியது. ஆனால் ஒற்றைக்காலில் நிற்கும் கட்டத்தில் தொடையெலும்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்து, உடம்பு ஆடியது. 1970களில் ஐவன் லாங்கும் 1980களில் ஜான் சபோலிச்சும் பக்கவாட்டில் குறுக்கிய, உட்காரும் எலும்பை உள்ளே அணைத்துக்கொள்ளும் சாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். எலும்பு இனிச் சாயாது என்பதே அதன் வாக்குறுதி. 1989இல் டல்லாஸின் அறுவை மருத்துவர் ஃபிராங்க் காட்ஸ்சாக்கும் உடனிருந்தோரும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். சாக்கெட்டின் வகைக்கும் எலும்பின் சாய்வுக்கும் தொடர்பே தெரியவில்லை. சாய்வைத் தீர்மானித்தது அறுவையின்போது தசை என்ன ஆனது என்பதுதான். தொடையை உள்ளிழுக்கும் தசைகளில் பெரியதன் பிடிமானத்தை இழந்தால் உள்ளிழுக்கும் ஆற்றலில் சுமார் 70 சதவீதம் போய்விடுகிறது என்பது அவர் கணக்கு. அந்தத் தசையைத் துளையிட்ட எலும்பில் இழுத்துக் கட்டித் தைக்கும் முறையை அவர் வலியுறுத்தினார்.

அப்படியானால் சாக்கெட்டால் எலும்பைப் பிடிக்கவே முடியாது என்றல்லவா ஆகிறது? நான் அந்த ஆய்வை அப்படி வாசிக்கவில்லை. அது சோதித்த இரண்டு வடிவங்களும் விளிம்பில் வேறுபட்டவை. மேலே இடுப்பெலும்பை எப்படித் தாங்குவது என்பதில்தான் அவற்றுக்குள் சண்டை. விளிம்புக்குக் கீழே இரண்டும் சதையைச் சுற்றி ஏறத்தாழ ஒரேசீராக மூடின. சுற்றிலும் ஒரேசீராக மூடிய சதைக்கு நடுவில் எலும்பு நகர இடம் இருந்துகொண்டே இருக்கும். மேல் விளிம்பை எப்படி மாற்றினாலும் கீழ்நுனி அடங்காது. ராண்டல் ஆலி என்ற அமெரிக்க வல்லுநரும் உடனிருந்தோரும் 2011இல் விவரித்த முறை வேறு இடத்தில் கைவைக்கிறது. எலும்பின் நீளவாக்கில் மூன்று நான்கு ஆழமான வரிப்பள்ளங்களாகச் சதையை அமுக்குகிறார்கள். பள்ளங்களுக்கு இடையே திறந்த இடம் விடுகிறார்கள். அமுங்கிய சதை அங்கே போய் நிற்கிறது. அமுக்கப்பட்ட வரிகளில் சதை ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டதால், எலும்பு அசைந்ததும் சாக்கெட் அசைகிறது. முதலில் கைக்கும் பிறகு காலுக்கும் இதைச் செய்தார்கள். பெரிய, நீண்டகால ஒப்பீட்டு ஆய்வுகள் இதற்கு இன்னும் வேண்டும். ஆனால் கொள்ளளவு குறையாத பொருளை இறுக்க வேண்டுமானால் அது போக வழி விட்டாக வேண்டும் என்ற தர்க்கத்தில் பிழை இல்லை.

ஆழ அமுக்கினால் ரத்த ஓட்டம் என்னாகும் என்பது மிகக் கடுமையான ஆட்சேபம். நியாயமானதும்கூட. சர்க்கரை நோயாலும் ரத்தக்குழாய் அடைப்பாலும் கால் இழந்தவரின் தோலுக்குத் தாங்கும் வலு குறைவு. உணர்ச்சி மங்கியிருந்தால் வலி வந்து எச்சரிக்கவும் செய்யாது. அவர்களுக்கு அமுக்கத்தின் அளவைக் குறைத்தாக வேண்டும், சிலருக்கு இந்த முறையே கூடாது. ஆனால் சாக்கெட்டுக்குள் மிக மோசமான வீக்கம் வருவது மேலே இறுக்கி, கீழே இடம் விட்டு, நுனி எதையும் தொடாமல் தொங்கும்போதுதான். சிரைகளில் திரும்பும் ரத்தம் தடைப்பட்டு, நுனி வீங்கி, நீலம் பாய்ந்து, நாளடைவில் மருபோல முடிச்சு முடிச்சாகத் தடிக்கிறது. இதற்கு முதல் மருந்து தளர்த்துவது என்று தோன்றும். நுனி வரை முழுத் தொடர்பு கிடைக்கச் செய்வதுதான் மருந்து. அமுக்கம் இருப்பதைவிட அமுக்கம் ஏறுமாறாக இருப்பதே பெரும்பாலும் கேடு செய்கிறது.

இப்போது தொங்கவைக்கும் பிடிப்புக்கு வரலாம். உறிஞ்சு பிடிப்புக்கு நியூயார்க்கின் டுபாய் பார்மிலி 1863இலேயே காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது ஜெர்மனி வழியாக அமெரிக்காவில் பரவலானது. 1980களில் ஐஸ்லாந்தின் ஆசர் கிறிஸ்டின்சன் சுருட்டி ஏற்றும் சிலிகான் லைனரைக் கொண்டுவந்ததும் வயதானவர்களுக்கும் வழி திறந்தது. லைனரை உருட்டி ஏற்ற வேண்டும், அடியில் நீட்டியிருக்கும் முள்போன்ற ‘பின்’ சாக்கெட்டின் பூட்டில் டக்கென்று விழ வேண்டும், அவ்வளவுதான். எளிமையான, பலருக்கும் பொருத்தமான முறை. தளர்ந்த தொடைக்கு மட்டும் அதில் ஒரு வினை இருக்கிறது. காலை வீசும்போது செயற்கைக் காலின் எடை முழுதும் லைனரின் அடிநுனியில் தொங்குகிறது. நுனிச் சதை கீழே இழுபடுகிறது, மேற்பகுதி மெலிந்து நெரிபடுகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை. முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர்களிடம் பெய்லும் ஸ்ட்ரீட்டும் 2004இல் அழுத்தத்தை அளந்தபோது, பின் முறையில் வீசும் கட்டத்தில் மேலே நெரிப்பும் நுனியில் இழுப்பும் உறிஞ்சு முறையைவிட அதிகமாக இருந்தன. சதை மிகுந்த தொடையில் இந்த இழுப்புக்கு நீள இன்னும் அதிக இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு, குழைந்த நுனி கோணலாக இறங்கினால் பின் பூட்டின் துளையையே தேடி அலையும். பின்னுக்குப் பதில் ஒரு கயிற்றை லைனரின் அடியில் கட்டிச் சாக்கெட்டின் துளை வழியே இழுத்து இறுக்கும் முறை இவர்களுக்கு நல்லது. பழைய துணிக்குழாய் செய்த வேலையை, சதையை இழுத்து உள்ளே இறக்கும் வேலையை, அந்தக் கயிறு செய்கிறது. லைனரைச் சுற்றி அடைப்பு வளையம் வைத்த முறையில் பிடிப்பு ஒரு புள்ளியில் தொங்காமல் பரவுகிறது. சுழற்சி அதிகமிருந்தால் இடுப்பைச் சுற்றி ஒரு வார் கூடுதலாகப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய முறை என்று அதை ஒதுக்குகிறவர்கள் நடப்பவரைவிடக் காலின் தோற்றத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள்.

பம்பு வைத்துக் காற்றைத் தொடர்ந்து வெளியேற்றும் வெற்றிட முறைக்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது 2001இல் போர்டு, ஸ்ட்ரீட், காஸ்பர்ஸ் வெளியிட்ட ஆய்வு. முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர்கள் 30 நிமிடம் நடந்ததும், சாதாரண உறிஞ்சு முறையில் எஞ்சிய காலின் கொள்ளளவு சராசரி 6.5 சதவீதம் குறைந்தது; வெற்றிட முறையில் 3.7 சதவீதம் கூடியது. ஈர்க்கும் எண்கள். ஆனால் சாக்கெட்டைக் கழற்றிய பிறகு அளந்தவை. கழற்றியதுமே கால் மாறத் தொடங்கிவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோன் சாண்டர்ஸ் குழு, சாக்கெட்டுக்குள்ளேயே மின்முனை ஒட்டி நீரின் அளவைப் பின்தொடர்ந்தபோது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்ட மாற்றங்கள் தெரிந்தன. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ ஒரே நாளில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும், தொடை வேறு வேறு அளவு. வெற்றிடமும் உறிஞ்சும் காற்று புகாத வரைதான் வேலை செய்யும். உட்கார்ந்தால் தளர்ந்த தொடை பரந்து முன்விளிம்பு திறக்கிறது, காற்று நுழைகிறது. சென்னையின் மே மாதத்தில் லைனருக்குள் தேங்கும் வியர்வை வழுக்கவைக்கிறது. நண்பகலில் ஒருமுறை கழற்றித் துடைத்து மீண்டும் அணிய ஓர் இடம் வேண்டும். அலுவலகத்திலோ பேருந்து நிலையத்திலோ அந்த இடம் கிடைக்காதவருக்கு எந்த நவீன பிடிப்பும் பாதி நாளுக்கே.

இவ்வளவு தொல்லை எதற்கு, எலும்பிலேயே நேராகப் பொருத்திவிடலாமே என்பது கடைசி ஆட்சேபம், வலுவானதும்கூட. டைட்டேனியம் எலும்போடு ஒட்டி வளரும் என்று பெர்-இங்வார் பிரோனமார்க் கண்டுபிடித்ததைப் பின்பற்றி, அவர் மகன் ரிக்கார்டும் சக மருத்துவர்களும் சுவீடனின் கோதன்பர்க்கில் 1990இல் தொடையெலும்புக்குள் தண்டு பொருத்தத் தொடங்கினார்கள். 2020இல் அமெரிக்க அரசு அமைப்பும் ஒப்புதல் தந்தது. சதையின் தளர்ச்சி என்ற சிக்கலே அங்கு மறைகிறது. எலும்பு அசைந்தால் கால் அசைகிறது. சாக்கெட்டால் தோற்றுப்போன பலருக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டு தோலைத் துளைத்து வெளியே வரும் வாயில் என்றைக்கும் ஆறாத வாய். அங்கே தொற்று அடிக்கடி வரும், சிலருக்கு எலும்புக்குள்ளும் போகும். அறுவையும் மாதக்கணக்கான எடையேற்றும் பயிற்சியும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். கால் இழந்த சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்தக்குழாய் நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் இதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இன்னும் பல பத்தாண்டுகளுக்கு மிகப் பெரும்பாலோர் சாக்கெட்டைத்தான் நம்பியிருப்பார்கள். எலும்பில் பொருத்தும் முறையின் வெற்றி, சிக்கல் சதையின் தளர்ச்சியில் இருந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது.

கால் எடுத்த முதல் ஆண்டில் வீக்கம் வடிந்து, பயன்படாத தசை மெலிந்து, தொடை வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன எதையும் ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது என்பது அதிலிருந்தே வருகிறது. காலையில் அளவெடுத்து மாலையில் கால் மாட்டி அனுப்பும் முகாம்கள் முழங்காலுக்குக் கீழ் இழந்த எத்தனையோ பேரை நடக்கவைத்திருக்கின்றன. அலுமினியத் தகட்டிலும் பிறகு பிளாஸ்டிக் குழாயிலும் சாக்கெட் வார்த்துத் தந்த அந்த மரபுக்கு ஏழைகள் பட்ட கடன் பெரிது. சதை மிகுந்த தொடைக்கு மட்டும் அந்த வேகம் பொருந்தாது. அப்படிப்பட்ட தொடை உள்ளவருக்கு முதலில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட் வேண்டும். அதற்குள் தோல் எங்கே வெளுக்கிறது, எங்கே தொடாமல் நிற்கிறது, எடை ஏறும்போதும் தூக்கும்போதும் எவ்வளவு நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதை அணிந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், படி ஏற வேண்டும், அரை மணி நேரம் நடக்க வேண்டும். பிறகு கழற்றித் தோலின் சிவப்பு எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உதவித் திட்டம் வகுப்பவர்கள் ஒருவருக்கு ஒரு கால் என்று எண்ணாமல், முதல் ஆண்டுக்குள் இரண்டாவது சாக்கெட்டுக்கும், அதைச் சரிசெய்ய அவர் வந்துபோகும் பயணச் செலவுக்கும், லைனர் மாற்றத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். விலை உயர்ந்த முழங்கால் அதற்குப் பிறகு வரட்டும்.